செல்போனில் தலையைக் காட்டியது

எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் வேலை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. போய்த் தலையைக் காட்டுவார்கள். அவ்வளவுதான்.

குற்றாலத்து லாட்ஜில் நான் சேர்ந்தது அப்படித்தான். லாட்ஜுக்கு எதிர்ச்சாரியில் நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடை ஒன்று இருந்தது. அதன் ஓரமாகப் போய் நின்றேன். முதல் நாள் லாட்ஜ் முதலாளி என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் நின்றேன்.

"யாருலே அது? நேத்தும் இங்கனதான நின்ன?"

"ஆமா அண்ணாச்சி."

"என்ன சோலி?"

"சும்மாதான் அண்ணாச்சி."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனாலும் தினமும் போய் நின்றேன். ஒருநாள் சாரல் இறங்குவதுபோல் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டை மாடியில் மெத்தைகளைக் காயப் போட்டிருந்தார்கள். முதலாளி ரோட்டுக்கு வந்து என்னைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, மரம் மாதிரி நிக்காத. மேல போயி மெத்தையத் தூக்கி உள்ள போடு!" ஓடிப்போய்த் தூக்கிப் போட்டேன். அன்றைக்கு மத்தியானம் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு வந்தது. வேலையில் சேர்ந்துவிட்டேன் என்று அந்தச் சாப்பாட்டை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதை உயர்வாகச் சொல்லவில்லை. சம்பளம் என்ன என்று மாதம் முடிகிறவரை தெரியாது. லீவு என்று ஒன்று கிடையாது. போகச் சொன்னால் போகவேண்டியதுதான். ஆனால் என்னைப் போல நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவனுக்கு அந்த முறை ஒத்துவந்தது. பேசத் தெரியவேண்டாம். நிற்கத் தெரிந்தால் போதும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். லாட்ஜில் சும்மா இருந்த நேரங்களில் வருகிறவர்கள் விட்டுப்போன பேப்பரையும் புத்தகத்தையும் படித்துப் படித்துத் தமிழ் நன்றாக வரும். இங்கிலீஷில் எழுத்து தெரியும், வார்த்தை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கூச்சம்.

முதலாளி காலமான பிறகு அவருடைய மகன்கள் லாட்ஜை ஒரு கம்பெனிக்கு விட்டுவிட்டார்கள். ரூமுக்கு இனிமேல் சாவி கிடையாது, கதவில் நம்பரை அழுத்தினால் திறந்துகொள்ளும் என்றார்கள். வருகிறவர்களுக்கு அந்த நம்பர் செல்போனில் போய்விடுமாம். சாவி எடுத்துக் கொடுக்க என்னைப் போல ஆள் வேண்டாம். மூத்த மகன் போனில் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார், "நீங்க வேற பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று.

வேறு பார்ப்பதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு முந்தின வருடம் என் மனைவிக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் குழறலாக. கையும் காலும் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து எழுப்பி, தோளில் சாய்த்துக் கக்கூஸுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, திரும்பக் கூட்டி வர ஒரு ஆள் வேண்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டு மதினி தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பீடித் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். சாயங்காலம்வரை பீடி சுற்றியபடியே இவளையும் பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் நான்தான். அதனால் எனக்குப் பகல் வேலை வேண்டும், மேலகரத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வேலையாகவும் இருக்கவேண்டும். வேறு எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

குற்றாலத்தில் மற்ற லாட்ஜுகளின் முன்னால் போய் நின்று பார்த்தேன். பழைய முதலாளிகள் யாரும் வெளியே வந்து உட்காருவதில்லை. வரவேற்பில் இருக்கிற பிள்ளைகள் என்னை ரூம் கேட்டு வந்தவன் என்று நினைத்து "ஆன்லைன் புக்கிங்கா சார்?" என்றார்கள். நான் "இல்லம்மா" என்று வந்துவிட்டேன்.

பிறகு நோட்டீஸ்களைப் பார்க்க ஆரம்பித்தேன். தென்காசியில் கரண்டுக் கம்பம் பாக்கியில்லாமல் ஒட்டியிருந்தார்கள். 'உடனடி வேலை. படிப்பு தேவையில்லை. வயது தடையில்லை. தென்காசி.' கீழே ஒரு போன் நம்பர். கம்பெனி பெயர் இல்லை. என்ன வேலை என்றும் இல்லை. கூப்பிட்டதும் நாளைக்கே வரச் சொன்னார்கள். ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் சின்ன ரூம். படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். எனக்கு முன்னால் ஆய்க்குடியிலிருந்து வந்த ஒரு பெரியம்மா. இன்றைக்கே வேலையில் ஏறிவிடலாம் என்று தூக்குவாளியில் சோறும் கொண்டுவந்திருந்தாள். டை கட்டிய ஒரு தம்பி பெரிய கம்பெனி, தங்குமிடம் இலவசம், சாப்பாடு இலவசம் என்று சொல்லிக்கொண்டே போனான்.

"வேல எங்கனய்யா?" என்றாள் பெரியம்மா.

"ஓசூர்ம்மா."

"தென்காசின்னுல்லா போட்டிருந்தாவ?"

"ஆள் எடுக்குறது தென்காசிலம்மா. வேலை ஓசூர்ல."

"அட கூறுகெட்ட பயலே! ஓசூருக்குப் போயிட்டு சாயங்காலம் ஆட்டப் பத்த நான் எப்படிலே வருவேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தம்பியும் சிரித்தான். நான் கேட்க நினைத்ததைத்தான் பெரியம்மா கேட்டுவிட்டாள் என்பதால் நான் ஒன்றும் கேட்காமல் படி இறங்கிவிட்டேன்.

எங்கள் தெரு முனையில் செல்போன் கடை வைத்திருக்கிற பாய் துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், என்னை அண்ணாச்சி என்பார். அவர்தான் என் செல்போனில் வேலை விளம்பரம் வருகிற வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். அதற்கப்புறம் பொழுது விடிந்தால் விளம்பரம்தான். எல்லாமே 'அவசரம்'. எல்லாவற்றிலும் சிவப்பு விளக்குப் படம் சுழலும். ஒரு மில்லுக்குக் காவலாள் தேவை என்று வந்ததைக் கூப்பிட்டேன். "அது முடிஞ்சிடுச்சுங்க" என்றார்கள். மறுநாள் காலையில் அதே விளம்பரம், அதே அவசரம். திரும்பவும் கூப்பிட்டால் திரும்பவும் முடிந்துவிட்டது.

பாயிடம் கேட்டேன்.

"அது வேல இருக்குன்னு போடுதது இல்ல அண்ணாச்சி. நம்பர் சேக்கப் போடுதது."

"நம்மள மாதிரி ஆளுக நம்பரச் சேத்து என்ன செய்வாவ பாய்?"

"ஒரு வாரம் பொறுங்க, தெரியும்."

தெரிந்தது. லோன் வேண்டுமா என்று கேட்டுப் பெண் பிள்ளைகள் கூப்பிட ஆரம்பித்தார்கள். வேலை இல்லை என்று சொன்னாலும் "பரவாயில்லை சார்" என்றார்கள். வேலை தர ஒருவரும் கூப்பிடாத எனக்குக் கடன் தர இவ்வளவு பேர் இருப்பது பாய்க்கு வேடிக்கையாக இருந்தது. "ஒம்ம மவுசே தனிவே" என்று, அண்ணாச்சி என்பதைக்கூட விட்டுவிட்டுச் சிரித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. ஐந்தருவி போகிற ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ரிசார்ட். தோட்டத்தையும் ரூம்களையும் மேற்பார்க்க ஆள் தேவை. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து. ஐம்பது வயதுவரை. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. படித்துக் காட்டியபோது என் மனைவி கட்டிலில் கிடந்தபடியே, "ஒங்களப் பாத்துட்டுப் போயிதான் எழுதிருப்பாவளோ?" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கீழே இரண்டு வரி இருந்தது. 'நேரில் வர வேண்டாம். போனில் அழைக்க வேண்டாம். உங்களைப் பற்றி ஒரு நிமிட வீடியோவை இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும்.'

என்னைப் பற்றி ஒரு நிமிடம். நான் என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வரி சொன்னதில்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட என் சித்தப்பாதான் சொன்னார்.

பாய் கடையில் ரீசார்ஜ் போர்டைப் பின்னால் வைத்து என்னை நிறுத்தினார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். கடைக்கு வந்த இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ம், சொல்லுங்க அண்ணாச்சி."

"என்னத்தச் சொல்ல?"

"ஒங்க தெறமையச் சொல்லுங்க."

நான் யோசித்தேன். "வணக்கம். நான் குற்றாலத்துல லாட்ஜுல இருந்தேன். ஒரு தப்பும் பண்ணல. ஒரு சாமானும் எடுக்கல."

பாய் செல்போனைக் கீழே வைத்துவிட்டார். "போலீஸ் ஸ்டேசன்ல எழுதிக் குடுக்க மாதிரில்லா இருக்கு! களவு நடந்தது அவியளுக்கே இப்பதான் தெரியும்."

கடைக்கு வந்திருந்தவர்கள் சிரித்ததில் எனக்கு வியர்த்துவிட்டது. வீட்டில் எடுத்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, சுவரோரமாக நின்றேன். மதினி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். என் மனைவிதான் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "கையக் கெட்டாதிய. கோயில்ல நிக்க மாதிரி இருக்கு. லேசா சிரிங்க. ஐய, இவ்வளவு வேண்டாம்." கடைசியில் ஒரு வீடியோ வந்தது. தோட்டத்தில் தண்ணீர் விடுவேன், ரூம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பேன், காலையில் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை. மிச்சத்துக்குச் சும்மா நின்றேன். அந்த இடத்தில் பின்னாலிருந்து "நல்ல மனுசன்னு சொல்லுங்க" என்று மனைவியின் குரல் கேட்கும். அதை எடுத்துவிட எங்களுக்குத் தெரியவில்லை. அப்படியே அனுப்பினோம்.

அடுத்த நிமிடமே பதில் வந்தது, இங்கிலீஷில். பாயிடம் காட்டியபோது, "வீடியோ கெடச்சிட்டு, கூப்பிடுவோம்னு போட்டிருக்கு. மிஷின் அனுப்புதது" என்றார்.

ஆனால் கூப்பிட்டார்கள். நாலைந்து நாள் கழித்து ஒரு பெண் பிள்ளை பேசினாள். எங்கள் பக்கத்துப் பேச்சு இல்லை. என்னை சார் என்றாள். "உங்க வீடியோ பாத்தோம் சார். பின்னாடி பேசினது உங்க வொய்ஃபா? ரொம்ப ஸ்வீட்டா இருந்துச்சு. உங்க பேர் அடுத்த ரவுண்டுக்குப் போயிருக்கு. மேனேஜர் பாத்துட்டு சொல்லுவாரு. வெயிட் பண்ணுங்க சார்."

ஆதார் நம்பரைக் கேட்டாள், சொன்னேன். எங்கே வரவேண்டும் என்று கேட்டேன். "வர வேண்டாம் சார். நாங்களே சொல்றோம்" என்றாள்.

அன்றைக்கு மனைவி மதினியிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "எம் பேச்சக் கேட்டுத்தான் எடுத்திருக்காவ. கேட்டியா மதினி? ஸ்வீட்டாம்." மதினி, "சம்பளம் வந்தா ஒனக்குப் பாதி குடுக்கச் சொல்லு" என்றாள்.

காத்திருக்கச் சொன்னார்களே தவிர, எப்படிக் காத்திருப்பது என்று சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த காத்திருப்பு, கண்ணில் படுகிற மாதிரி நிற்பது. வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் மறந்துபோவார்கள். நாலு பேர் வேலைக்குப் போட்டிருப்பார்கள், அவர்களில் யாராவது தினமும் முன்னால் நின்றுகொண்டிருந்தால்? நேரில் வரக் கூடாது, போனும் பண்ணக் கூடாது என்கிறார்கள். யோசித்து யோசித்து எனக்கு ஒரு வழி தெரிந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் காலையில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிறார்களே, அது போல ஒன்று அனுப்பினால் ஒன்றும் கேட்டமாதிரி இருக்காது. நான் இருக்கிறேன் என்று மட்டும் தெரியும்.

முதல் நாள், வீடியோ அனுப்பிய அதே நம்பருக்கு ஒரு செம்பருத்தி. 'இனிய காலை வணக்கம்' என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. நீலமானால் பார்த்துவிட்டார்கள் என்று பாய் முன்பே சொல்லியிருந்தார். முதலாளி ரோட்டுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனது மாதிரியே இருந்தது. அவரும் முதலில் ஒன்றும் பேசவில்லையே.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மனைவியை எழுப்பி, முகம் கழுவவைத்து, காப்பி கொடுத்துவிட்டு, இருவருமாகப் படம் தேடுவோம். அவள் இடது கையால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள்.

"இன்னிக்கு வெள்ளிக்கெழம. முருகன் படம் போடுங்க."

"அந்தப் பிள்ள என்ன சாமி கும்பிடுதோ?"

"அதுவும் சரிதான். அப்ப டம்ளர்ல காப்பி இருக்க படம் போடுங்க. காப்பி எல்லாருக்கும் பொது."

ஒருநாள் பார்க்க அழகாக இருந்ததே என்று சிவப்பு ரோஜா ஒன்றை அனுப்பிவிட்டேன். அவள் பார்த்துவிட்டுப் படுத்தபடியே குலுங்கிச் சிரித்தாள். "வேல கேக்க ஆளு பொம்பளப் பிள்ளைக்கு ரோசாப்பூவா குடுக்கிய?" அவசரமாக அதை அழித்தேன். படம் போய்விட்டது. ஆனால் அது இருந்த இடத்தில் செய்தி அழிக்கப்பட்டது என்று ஒரு வரி நின்றது. அதை அழிக்க முடியவில்லை. அன்றைக்கு முழுதும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் துளசிமாடம் அனுப்பினேன். அதுவும் நீலமாயிற்று. நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் நீலமாகவில்லை. ஒரே ஒரு டிக், சாம்பல் நிறத்தில். அந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோ, செல்போன் பழுதோ என்று நினைத்தோம். நல்லபடியாக இருக்கவேண்டும் என்று மனைவி வேண்டிக்கொண்டாள். மறுநாளும் ஒரு டிக். அந்த நம்பரின் மேல் ஒரு வேப்பமரப் படம் இருக்கும், அதுவும் இல்லை. செல்போனைப் பாயிடம் கொண்டுபோனேன்.

பாய் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். செம்பருத்தி, காப்பி, மயில், தாமரை, மலை, துளசிமாடம். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"இது என்ன அண்ணாச்சி?"

"காலை வணக்கம்."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் இல்ல. அவியளுக்கு லீவா இருக்கும்னு."

"ஒங்கள ப்ளாக் பண்ணிட்டாவ அண்ணாச்சி. இனிமே நீங்க என்ன போட்டாலும் அங்கன போகாது." பிறகு சிரிப்பும் எரிச்சலுமாக, "தெனமும் குட்மார்னிங் போட்டா யாருதான் ப்ளாக் பண்ண மாட்டா? எம் மச்சானையே நான் ப்ளாக் பண்ணி வச்சிருக்கேன். இதுல எதையோ அழிச்சு வேற இருக்கிய. என்னது அது?"

"ரோசாப்பூ."

"யா அல்லாஹ்!"

"தலையக் காட்டணும்லா பாய். நேர்ல வரக் கூடாதுன்னுட்டாவ. அதான் இதுல காட்டுனேன்."

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். துபாய்க்கு விசா கிடைக்க அவரும் ஏஜெண்ட் வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நின்றவர்தான். "அது வாசல் அண்ணாச்சி, இது வேற" என்று மட்டும் சொன்னார். பூவுக்காகத்தான் அடைத்தார்களா, வேறு ஆள் கிடைத்துவிட்டதா, அந்தப் பிள்ளையே வேலையை விட்டுப் போய்விட்டாளா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. தன் செல்போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தார். இந்த எண்ணில் அழைப்புகள் ஏற்கப்படாது என்று ஒரு குரல் சொன்னது.

மறுநாள் நான் நேரிலேயே போனேன். வேறு வழி இல்லை. ஐந்தருவி ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் ரிசார்ட்டின் பெரிய கேட்டுக்கு முன்னால் இறங்கினேன். நீலச் சட்டை போட்ட காவலாள் என் வயதுக்காரர். இலத்தூர்க்காரர் என்று பேசும்போது தெரிந்தது.

"என்னவே, யாரப் பாக்கணும்?"

"வேலைக்குப் போட்டிருந்தேன். அத விசாரிக்கணும்."

"நேர்ல யாரையும் பாக்க மாட்டாவ. ஆன்லைன்ல போடும்."

"ஆன்லைன்லதான் போட்டேன்."

"அப்ப ஆன்லைன்லயே கேளும்."

"அதுல அடச்சிட்டாவ."

"அடச்சிட்டாவன்னா?"

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "போன்ல ஒரு பிள்ள பேசுனா. அவளப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும். தப்பா ஒண்ணும் நெனச்சு அனுப்பலன்னு."

"யாரு, ஆள் எடுக்க பிள்ளையா?" அவர் சிரித்தார். "அவ இங்கன இல்லவே. கோயம்புத்தூரோ பெங்களூரோ. என்னைய எடுத்ததும் அவதான். இன்னிக்கு வரைக்கும் நான் மூஞ்சியப் பாத்ததில்ல. இங்கன யாரும் பாத்ததில்ல."

அந்த வேலைக்கு ஆள் வந்துவிட்டதா என்று கேட்டேன். யாரும் வரவில்லை, தோட்டத்துக்கு இப்போது அவரே தண்ணீர் விடுகிறார் என்றார். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றேன். "நான் சொன்னா எம் பொழப்பு போயிரும்வே. ஆள்கள உள்ள விடக் கூடாதுங்கது ஒண்ணுதான் எனக்கு வேல" என்றார். கெட்டவர் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

நான் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கார் ஒன்று வந்தது. காவலாள் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து சல்யூட் வைத்தார். மேனேஜர் அதில்தான் இருக்கவேண்டும். கண்ணாடி கறுப்பு. உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்தாரா, செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, யாருக்குத் தெரியும். நான் மட்டும் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன், வெள்ளைச் சட்டையோடு. அடுத்த நாளும் நின்றேன். அதற்கடுத்த நாளும் நின்றேன். நாலாவது தடவை காவலாள் ரோட்டைத் தாண்டி வந்து, "கேமராவுல ஒம்மப் பாத்துட்டு உள்ளருந்து கேக்காவவே, யாரு தெனமும் நின்னு நோட்டம் பாக்கதுன்னு. இனிமே வராதயும்" என்றார். கடைசியில் அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் பார்த்தது அப்படி.

அந்த வாரமே குரூப்பில் அதே விளம்பரம் திரும்ப வந்தது. 'அவசரம். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை.' பாய் தன் கடையில் இருந்த வேறொரு நம்பரிலிருந்து என் வீடியோவை மறுபடி அனுப்பினார். மிஷின் உடனே நன்றி சொன்னது. ஆதார் நம்பரைக் கேட்டது. கொடுத்தோம். இவருடைய விண்ணப்பம் முன்பே இருக்கிறது, ஆறு மாதத்துக்கு மறுபடி போட முடியாது என்று வந்தது. பாய் செல்போனை என்னிடம் நீட்டி, "இதுகிட்ட என்னத்தப் பேச?" என்றார். திட்டுவதற்குக்கூட அதில் ஆள் இல்லை.

சாரல் முடிந்து வெயில் வந்துவிட்டது. குற்றாலத்தில் கூட்டம் குறைந்தால் வேலையில் இருக்கிறவர்களையே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஓசூர், திருப்பூர், சென்னை என்று விளம்பரங்கள் மட்டும் நிற்கவில்லை. "ஒரு மாசம் போயிப் பாத்துட்டு வாங்க. நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்றாள் மனைவி. கட்டிலின் விளிம்புவரை தானாக நகர அவளால் முடியாது.

கடைசியில் ஒருநாள் இருட்டோடு கிளம்பிப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். லோடு இறங்குகிற இடத்தில் ஓரமாக நின்றேன். யாரும் வீடியோ கேட்கவில்லை. ஒரு மண்டிக்கார அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மூட்ட தூக்குவியாலே? வயசாயிட்டே?" என்றார். "தூக்குவேன் அண்ணாச்சி" என்றேன். "அப்ப என்ன கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி நிக்க? பிடி அந்தத் தக்காளிப் பெட்டிய" என்றார். அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். தோள் வீங்கிவிட்டது. ஆனாலும் வேலைதான், தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

ஒன்றுதான் சரியில்லை. மார்க்கெட்டில் வேலை விடிவதற்கு முன்னால். முதல் பஸ்ஸைப் பிடிக்க நான் கிளம்பும்போது ஊரே தூங்கும். மதினி பிள்ளைகளை அனுப்பிவிட்டு வர ஏழரை மணி ஆகிறது. அதுவரை என் மனைவி தனியாகக் கிடக்கிறாள். எழுப்பிக் கூட்டிப்போக யாரும் இல்லை. முதல் சில நாட்கள் என்ன நடந்தது என்று மதினி என்னிடம் சொல்லவில்லை. கட்டில் விரிப்பும் அவள் துணிகளும் கொடியில் காய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் கொடியில் துணி இல்லை. எப்படி என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ராத்திரி சாப்பாடு கொடுத்துவிட்டுத் தண்ணீர் டம்ளரை நீட்டினால் என் மனைவி உதட்டை நனைத்துவிட்டுத் தள்ளிவிடுகிறாள்.

"குடிட்டி. மாத்திர போட்டிருக்கல்லா."

"தாகம் இல்ல. வைங்க."

காலையில் கிளம்பும்போது பார்த்தால் டம்ளர் அப்படியே இருக்கிறது. மார்க்கெட்டில் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் சட்டைப் பையில் செல்போன் அதிர்கிறது. குரூப்பில் விளம்பரம். எடுத்துப் பார்க்கிறேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஐந்தருவி ரோடு, காலை எட்டு மணி முதல், உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. இன்னும் ஆள் கிடைக்கவில்லை போல. வீட்டில் இந்நேரம் அவள் முழித்து, வாய் வறண்டு, மதினி கதவைத் திறக்கிற சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டு கிடப்பாள்.